பிரேக்கைத் தொட்ட கை

“கர்சீப்பை மோந்து பாக்குறதுக்கா அக்கா நான் பி.காம். படிச்சேன்?”

“நீ பி.காம். முடிக்கவே இல்ல, சக்திவேல்.”

“அதான் ஒரு மூக்கு ஓட்டையால மட்டும் மோந்துகினு கீறேன்.”

சாராள் சிரிக்கவில்லை. கீழ்க்கட்டளை சிக்னலில் ஸ்கூட்டி நின்றிருந்தது. வெயில் ஹெல்மெட்டுக்குள் புகுந்து கழுத்து வழியாக வழிந்துகொண்டிருந்தது. பின்சீட்டில் இருந்த சக்திவேல் கைக்குட்டையை மறுபடி மூக்கில் வைத்து எடுத்தான். பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் இவனுக்கு என்ன வியாதியோ என்பதுபோல் பார்த்தார்.

“இன்னாடா சொல்லுது உன் மூக்கு?”

“செயின் ஆயில் இல்லக்கா. கல்யாண மண்டபத்துல தெளிப்பாங்களே பன்னீரு, அதை எடுத்து வடை சட்டில ஊத்துனா எப்டி இருக்கும்? அப்டி கீது.”

சாராளுக்கும் அதேதான் தோன்றியது. இந்த வாசனையை எங்கேயோ நன்றாகத் தெரியும். எங்கே என்பதுதான் பிடிபடவில்லை. இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் கிளெய்ம்களைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்த காலத்தில் அவளுக்கு மூக்கை வைத்தே பாதி வேலை நடக்கும். அந்த வேலை போய், தாம்பரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் போட்ட பிறகு மூக்கும் சோம்பேறியாகிவிட்டது. பெரும்பாலும் வருவது புருஷன் சந்தேகம், பெண்டாட்டி சந்தேகம். அதற்கு மூக்கு தேவையில்லை.

இந்த கேஸ் வேறு மாதிரி.

மெர்வின் என்கிற இருபது வயதுப் பையன் விடியற்காலையில் குன்றத்தூர் மலை மேல் சைக்கிள் ஏறிவிட்டு இறங்கும்போது பிரேக் பிடிக்காமல் வளைவில் சுவரில் மோதினான். உயிர் இருக்கிறது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. போலீஸ் கூப்பிட்டு வந்த மெக்கானிக் சைக்கிளைப் பார்த்துவிட்டு, சக்கரத்து நடுவில் இருக்கிற பிரேக் தகட்டில், அதாவது டிஸ்க்கில், எண்ணெய் இருக்கிறது என்றான். முந்தின நாள் அந்தச் சைக்கிளை சர்வீஸ் செய்தவர் ஜெரோம். வீட்டு கார் ஷெட்டில் சைக்கிள் ரிப்பேர் வொர்க்‌ஷாப் வைத்திருக்கிறவர். அஜாக்கிரதை என்று அவர் மேல் கேஸ். அவரும் “என் தப்புதான் சார்” என்று சொல்லிவிட்டார். இன்று சாயங்காலம் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும்.

நம்பாதது ஒரே ஒருத்தி. அவர் மனைவி ஏஞ்சல். அவள்தான் சாராளைத் தேடி வந்தாள்.

“அக்யூஸ்டே நான்தான்ன்றான். நாம போயி ‘இல்ல நைனா, நீ நல்லவன்’னு நிரூபிக்கணும்” என்றான் சக்திவேல். “இந்த மாதிரி கேஸு நமக்குன்னே வருதுக்கா.”

“ஸ்டேஷன்ல கேட்டு வாங்கி டிஸ்க்கைத் துடைச்ச கர்சீப்பு இது. தொலைச்சுடாதே.”

“பிரேக்ல எண்ணெய் போட்டா இன்னாக்கா தப்பு? ஸ்மூத்தா போவும்ல?”

“போகும். நிக்காது.”

சிக்னல் விழுந்தது.

* * *

ஜெரோமின் கார் ஷெட்டில் கார் இல்லை. நடுவில் ஒரு இரும்பு ஸ்டாண்டு. சைக்கிளை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கிக் கவ்வி நிறுத்துகிற ஸ்டாண்டு. சுவரில் ஒரு பெரிய ப்ளைவுட் பலகை. அதில் ஒவ்வொரு ஸ்பேனருக்கும் ஆணி அடித்து, அந்த ஸ்பேனரின் உருவத்தைக் கறுப்பு பெயின்டில் வரைந்திருந்தார். எதை எடுத்தாலும் அந்த இடம் நிழல் மாதிரி காட்டிக்கொடுத்துவிடும். மூலையில் காற்றடிக்கிற கம்ப்ரஸர். ஓரமாக நாலைந்து சைக்கிள்கள், வாங்க வராதவர்களின் சைக்கிள்கள். தெருவில் பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிப்போட்ட மண் எல்லாவற்றின் மேலும் படிந்திருந்தது.

“அவருக்கு வேலை போனப்ப ரொம்ப நாள் கட்டிலை விட்டே எழுந்திருக்கல மேடம்” என்றாள் ஏஞ்சல். ஒல்லியான பெண். பள்ளிக்கூட ஆபீஸில் வேலை. லீவு போட்டுவிட்டு நின்றாள். “அப்புறம் ஒரு நாள் எழுந்து, பழைய சைக்கிளைப் பிரிச்சுப் போட்டு உக்காந்தாரு. அப்படி ஆரம்பிச்சதுதான் இது. இந்த ஸ்டாண்டை திருமுடிவாக்கத்துல ஒரு பட்டறையில கூடவே நின்னு பண்ணி வாங்கிட்டு வந்தாரு. பச்சைக் குழந்தையைத் தூக்கிட்டு வர்ற மாதிரி ஆட்டோல மடியில வச்சுட்டு வந்தாரு.”

“இந்த ரெண்டு மேசை எதுக்கு?”

“அது எண்ணெய் வேலை. இது பிரேக் வேலை. எண்ணெய்க்கு சிவப்புத் துணி, பிரேக்குக்கு வெள்ளைத் துணி. எண்ணெய் மேசையில கை வச்சுட்டு சோப்பு போட்டுக் கழுவாம இந்தப் பக்கம் வரவே மாட்டாரு. என்னை இந்தத் துணியால ஒரு தடவை மேசையைக்கூடத் துடைக்க விடல. அந்த மனுஷன் டிஸ்க்ல எண்ணெய் சிந்துனாருன்னா நான் எப்படி நம்புவேன்?”

சாராள் வெள்ளைத் துணியை விரித்துப் பார்த்தாள். பிரேக் தேய்ந்த கறுப்புத் தூள் இருந்தது. எண்ணெய்க் கறை ஒன்றுகூட இல்லை.

“சக்திவேல், ஆரம்பி.”

அவன் எண்ணெய் மேசையில் இருந்த ஒவ்வொரு டப்பாவையும் திறந்து மோந்தான். ஒரு கையில் கைக்குட்டை, ஒரு கையில் டப்பா.

“இது மண்ணெண்ணெய் வாடை. இது கிரீஸு, எங்க மாமனார் சட்டை மாதிரியே கீது. இது... ஐயோ, செயின் ஸ்ப்ரே. தலை சுத்துது. எதுவும் செட்டாவலக்கா.”

“அப்போ இந்த எண்ணெய் இந்த வொர்க்‌ஷாப் எண்ணெயே இல்ல” என்றாள் சாராள்.

ஏஞ்சலின் முகம் மலர்ந்தது. “நான் சொன்னேன்ல! வெளியாள் யாரோ வந்து ஊத்தியிருக்காங்க. எனக்கு யாருன்னும் தெரியும்.” கேட் ஓரம் சாய்த்துவைத்திருந்த கறுப்புக் குடையை எடுத்து நீட்டினாள். “பக்கத்து வீட்டு லக்ஷ்மிநாராயணன். கம்ப்ரஸர் சத்தம்னு தினம் சண்டை. கவுன்சிலர் வரைக்கும் போனாரு. ‘இந்தக் கடையை இழுத்து மூட வெக்கிறேன் பாரு’ன்னு தெருவுல நின்னு கத்தினாரு. மெர்வின் விழுந்த அன்னிக்குக் காலைல இந்தக் குடை எங்க கேட்டுல தொங்குது. அவரோடது. முந்தின நாள் சாயங்காலம் உள்ள வந்திருக்காரு.”

“போலீஸ்ல சொன்னீங்களா?”

“இவரு சொல்ல விட மாட்டேங்கிறாரு. நீங்க கண்டுபிடிச்சுக் குடுங்க. நானே போய்ச் சொல்றேன்.”

* * *

லக்ஷ்மிநாராயணன் ரிட்டயர்டு ஆசாமி. வேட்டி, பனியன், காதில் மெஷின். குடையைப் பார்த்ததும் சொந்தக்காரரைப் பார்த்ததுபோல் வாங்கிக்கொண்டார்.

“இதையா அந்தம்மா வச்சிருந்தா? நான் பஸ்ல விட்டுட்டேன்னு நெனச்சேன்.”

“அன்னிக்கு சாயங்காலம் அங்க எதுக்குப் போனீங்க சார்?” என்றாள் சாராள்.

“சண்டை போட.”

சக்திவேல் குறுக்கே வந்தான். “இம்மாம் ஓப்பனாவா சார் சொல்வீங்க? கொஞ்சம் மறைச்சுப் பேசுங்க, எங்களுக்கு வேலையே இல்லாம பூடும்.”

“மறைக்க என்ன இருக்கு? மத்தியானம் தூங்க முடியல. டர்ர்ருனு ஒரு மிஷினு. என்னென்ன கேக்கணும்னு கண்ணாடி முன்னாடி நின்னு பேசிப் பார்த்துட்டுதான் போனேன். மழை தூறிண்டிருந்தது. கேட்டுல குடையை மாட்டினேன். உள்ள எட்டிப் பார்த்தேன். ஒரு வார்த்தை பேசாம திரும்பி வந்துட்டேன்.”

“ஏன்?”

“அவன் இல்ல. அந்தம்மா மட்டும் இருந்தா. ஸ்டாண்டுல ஒரு சைக்கிள் மாட்டியிருந்தது. அது முன்னாடி கண்ணை மூடிண்டு நின்னுண்டிருந்தா. ஒரு கை சக்கரத்து நடுவுல. உதடு முணுமுணுங்கறது. கண்ணுல தண்ணி.” அவர் கொஞ்சம் கூச்சப்பட்டார். “சாமி கும்பிடறவகிட்ட போய் எப்படி சண்டை போடறது? எந்த சாமியா இருந்தா என்ன? வந்துட்டேன். அந்த அவசரத்துல குடையை விட்டுட்டேன்.”

சாராளுக்கு மூக்கு திறந்துகொண்டது.

பாளையங்கோட்டை. பரீட்சைக்குப் போகிற ஒவ்வொரு காலையும் அம்மா கட்டைவிரலில் தொட்டு நெற்றியில் வைக்கிற எண்ணெய். ஒலிவ எண்ணெயில் வாசனை சேர்த்து, சர்ச்சில் ஜெபம் செய்து, சின்னக் குப்பியில் தருவார்கள். காய்ச்சலுக்கு அதுதான். பயணத்துக்கு அதுதான். கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அம்மாவின் நெற்றியில் சாராள் வைத்ததும் அதுதான். அம்மா பிழைக்கவில்லை. அதற்கப்புறம் சாராள் அந்த வாசனை இருக்கிற எந்தக் கட்டடத்துக்குள்ளும் போகவில்லை. ஊருக்கும் போகவில்லை.

“அக்கா? மூஞ்சி ஏன் இப்டி ஆயிடுச்சு?”

“வா” என்றாள்.

* * *

ஏஞ்சல் உள்ளே சமையலறையில் இருந்தாள். குக்கர் சத்தம் கேட்டது. சாராள் ஷெட்டில் ஓரமாக நின்ற சைக்கிள்களிடம் போனாள். முதல் சைக்கிளின் ஹேண்டில்பாரை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். இரண்டாவது. மூன்றாவது.

எல்லாவற்றிலும் நடுவில் ஒரே இடம். சுற்றிலும் மண் மெல்லிசாகப் படிந்திருந்தது. அந்த இடத்தில் மட்டும் எண்ணெயில் ஒட்டித் தடித்திருந்தது. மேலிருந்து கீழே ஒரு விரல் கோடு. குறுக்கே ஒரு விரல் கோடு.

“கம்பெனி முத்திரையா அக்கா?”

“சிலுவை.”

சக்திவேல் கைக்குட்டையை மோந்தான். குனிந்து ஹேண்டில்பாரை மோந்தான். நிமிர்ந்தபோது அவனிடம் ஜோக் எதுவும் இல்லை.

“பன்னீரு” என்றான் மெதுவாக.

“ரிப்பேருக்கு வர்ற ஒவ்வொரு சைக்கிளுக்கும் ஏஞ்சல் ஜெப எண்ணெய் வச்சிருக்காங்க. ஓட்டுறவங்களுக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னு.”

“சரி, இதுக்கெல்லாம் ஹேண்டில்பார்ல வச்சாங்க. ஒண்ணும் ஆவல. அந்தப் பையன் சைக்கிளுக்கு மட்டும் எதுக்குக்கா பிரேக்ல?”

“நான் சொன்னதாலதான்” என்றது வாசல் பக்கம் ஒரு குரல்.

ஜெரோம் நின்றுகொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயசு இருக்கும். சவரம் செய்யாத முகம். ரொம்ப சுத்தமான கைகள். கேட்டைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்தார். சமையலறை ஜன்னலை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

“அன்னிக்கு டிஸ்க்கைத் துடைச்சு, அதைக் கவ்வுற பேடைப் புதுசா போட்டு, பிரேக் பிடிச்சுப் பார்த்து முடிச்சுட்டேன். அவ காபி கொண்டுவந்தா. ‘இதுல எதுங்க ரொம்ப முக்கியம்?’னு கேட்டா. நான் டிஸ்க்கைக் காட்டினேன். ‘இந்தத் தகடுதான். மலை இறங்கும்போது அந்தப் பையன் உயிரே இதுலதான் இருக்கு’ன்னேன். சொல்லிட்டு டியூப் வாங்க கடைக்குப் போயிட்டேன்.” வெள்ளைத் துணியை எடுத்து மடித்தார். “எது முக்கியமோ அதுக்குத்தானே ஜெபம் பண்ணுவா?”

“உங்களுக்கு எப்பத் தெரியும்?”

“ஸ்டேஷன்ல டிஸ்க்கைக் கையால தடவிப் பார்த்தேன். அதே வாசம் என் தலகாணியிலயும் இருக்கு மேடம்.”

“அந்தப் பையனுக்கு வழியிலேயே தெரிஞ்சிருக்காதா சார்?” என்றான் சக்திவேல். “பிரேக்கு சரியா பிடிக்கலன்னு?”

“கிறீச்சுன்னு கத்தியிருக்கு. புது பேடு கொஞ்ச நாளைக்குக் கத்தும், பயப்படாதேன்னு நான்தான் சொல்லி அனுப்பினேன்.”

குக்கர் இன்னொரு விசில் அடித்தது. ஜெரோம் மறுபடி ஜன்னலைப் பார்த்தார்.

“நீங்க குத்தவாளி இல்ல” என்றாள் சாராள். “இதை நான் எழுதிக் குடுத்தா உங்க வக்கீல் கேஸை உடைச்சுடலாம். வொர்க்‌ஷாப் நிக்கும்.”

“வேண்டாம். சாயங்காலம் கையெழுத்துப் போட்டுடறேன். கடையையும் மூடறேன். ஸ்டாண்டை எடுத்துட்டுப் போக ஆள் சொல்லிட்டேன்.”

“உங்க மனைவி என்கிட்ட வந்தது உண்மையைக் கண்டுபிடிக்க.”

“கண்டுபிடிச்சிட்டீங்களே. போதாதா?”

“அவங்களுக்குத் தெரிய வேண்டாமா?”

“தெரிஞ்சு?” அவர் குரல் உயரவில்லை. “நான் கட்டிலை விட்டு எழுந்திருக்காம கெடந்தப்ப ராத்திரி முழுக்கத் தலைமாட்டுல உக்காந்து ஜெபம் பண்ணா. எனக்கு அதுல நம்பிக்கை கெடையாது. ஆனா ஒரு நாள் எழுந்தேன். எதனாலன்னு எனக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும். அவ நின்னுட்டிருக்கிறதே அது மேலதான். நீ வச்ச எண்ணெயாலதான் ஒரு பையனுக்குக் கால் போச்சுன்னு சொன்னா, அதுக்கப்புறம் அவ எது மேல நிப்பா?”

“இப்ப அவங்க உங்களை நம்பறாங்க. இந்த உலகத்துல அவங்க ஒருத்தர்தான் நம்பறாங்க. அது போயிடும்.”

“போகட்டும். நான் தாங்கிக்குவேன்.”

“என்னைப் பொய் சொல்லச் சொல்றீங்க.”

“நான் நெறைய தடவை சொல்லிப் பார்த்துட்டேன் மேடம். என் பொய்யை அவ நம்பல. அதனாலதான் உங்ககிட்ட வந்தா.”

சாராள் தன் தொழிலில் இத்தனை வருஷத்தில் ஒரு கிளெய்மில்கூடப் பொய் எழுதியதில்லை. அதற்காகவே வேலையை விட்டுத் துரத்தப்பட்டவள். பாதி வாக்கியத்தை மனசுக்குள் எழுதியும் விட்டாள்: ‘ஏஞ்சல், உக்காருங்க, ஒண்ணு சொல்லணும்.’

ஏஞ்சல் தட்டில் டம்ளர்களோடு வந்தாள்.

“வந்துட்டீங்களா? நேரா ஆஸ்பத்திரியிலேருந்தா? மெர்வின் அம்மா ஏதாவது சொன்னாங்களா?” பதிலுக்கு நிற்காமல் சாராளிடம் திரும்பினாள். “அவங்க என்னை மட்டும்தான் மேடம் உள்ள விடறாங்க. இவரைப் பார்த்தாலே கத்துறாங்க. நேத்து நான் அந்தப் பையன் கால் மேல கை வச்சு ஜெபம் பண்ணும்போது கட்டைவிரல் ஆடுச்சுன்னு சொன்னாங்க. டாக்டர் இல்லைங்கறாரு. ஆனா அவங்க பார்த்தாங்களாம். ‘நீ தெனம் வா’ன்னு என் கையைப் பிடிச்சுட்டு அழுதாங்க.”

தட்டைப் பிரேக் மேசையில் வைக்கப் போனவள், நினைவு வந்து, கையிலேயே பிடித்துக்கொண்டாள்.

“அந்தக் குடைக்காரர்தானே மேடம்? ஒத்துக்கிட்டாரா? நான் இப்பவே ஸ்டேஷனுக்குப் போறேன்.”

“அவர் இல்ல” என்றாள் சாராள்.

“இல்லையா? அப்போ யாரு?”

சக்திவேல் தரையைப் பார்த்தான். ஜெரோம் யாரையும் பார்க்கவில்லை. சாராளின் வாயில் உண்மை தயாராக இருந்தது. சின்ன வாக்கியம். அவள் ஏஞ்சலின் கட்டைவிரலைப் பார்த்தாள். நகத்தோரம் எண்ணெய் மினுங்கியது. தினமும் தொட்டுத் தொட்டு ஊறிய விரல். அம்மாவின் விரலும் அப்படித்தான் இருந்தது.

“உங்க வீட்டுக்காரர்தான்” என்றாள். “அவர் சொன்னது நிஜம். அவர் கைதான் பட்டிருக்கு.”

“நல்லா பார்த்தீங்களா?”

“பார்த்தேன்.”

“அந்த எண்ணெய் இங்க இருக்கிற எண்ணெய் இல்லைன்னு நீங்கதானே...”

“நான் சொன்னது தப்பு. திரும்பப் பார்த்தேன்.”

சக்திவேல் போய் ஏஞ்சலின் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டான். அவள் புருஷன் பக்கம் திரும்பினாள்.

“தெருத்தெருவா சண்டை போட்டேன். போலீஸ்காரன்கிட்ட சண்டை போட்டேன். சபையில, ஆபீஸ்ல, எல்லார்கிட்டயும் என் புருஷன் வெள்ளைத் துணிக்காரன்னு சொன்னேன். நீ கையைக்கூடக் கழுவல.”

இதுவரை ‘நீங்க’ என்றே பேசியவள்.

“ஏஞ்சல்...”

“நான் அன்னிக்கு அந்த சைக்கிளைத் தொட்டு ஜெபம் பண்ணேன், தெரியுமா? அழுது ஜெபம் பண்ணேன். அதனாலதான் அந்தப் பையன் உசுராவது மிஞ்சுச்சு. இல்லைன்னா உன் கையால செத்திருப்பான்.”

மறுத்துப் பேச ஜெரோமுக்கு இருந்தது இந்த ஒரு நிமிஷம்தான். சாராள் காத்திருந்தாள். இப்போதாவது சொல்லிவிடுவார் என்று அவளுக்கு ஒரு ஆசை.

“ஆமா” என்றார்.

ஏஞ்சல் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். குரல் தணிந்தது. அந்தத் தணிவுதான் சாராளால் தாங்க முடியாததாக இருந்தது.

“நான் உன்னை மன்னிச்சிட்டேன். மன்னிக்கத்தான் எனக்குக் கத்துக்குடுத்திருக்கு. ஆனா இன்னிக்கு அந்த அம்மா கால்ல நீ விழணும். கத்தினாலும் விழணும். என்கூட வா.”

அவள் திரும்பிப் பார்க்காமல் கேட்டைத் திறந்துகொண்டு நடந்தாள். ஜெரோம் செருப்பை மாட்டிக்கொண்டார். தோண்டிப்போட்ட மண்மேட்டைச் சுற்றி அவள் போன வழியிலேயே, இரண்டடி பின்னால், தலையைக் குனிந்துகொண்டு போனார்.

“அக்கா” என்றான் சக்திவேல். தட்டு இன்னும் அவன் கையில் இருந்தது. “ரிப்போர்ட்டுல இன்னா எழுதறது?”

“அவங்ககிட்ட சொன்னதையே எழுது” என்றாள் சாராள்.